பிரெஞ்சு டயர் காப்புரிமைகளை ஆங்கிலமாக்குதல்: என் ஐந்து ஆண்டு அனுபவம்

நான் இருப்பது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில். எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஐந்து ஆண்டுகளாகப் பிரெஞ்சுக் காப்புரிமைகளை ஆங்கிலத்துக்கு மாற்றி வருகிறேன். பெரும்பாலும் டயர், ரப்பர் சம்பந்தப்பட்டவை. இந்த வேலைக்கு எது கைகொடுக்கும் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் இயந்திர மொழிபெயர்ப்பு. சட்ட வாய்பாடுகளில் அது நன்றாகவே உழைக்கிறது. 'காரக்தெரிஸே ஆன் ஸ கெ' என்று வந்தால் 'கேரக்டரைஸ்ட் இன் தட்' என்று தவறாமல் தரும். தொழில் சொற்களில்தான் வழுக்குகிறது. 'க்வீசோன்' என்றால் சமையல். டயர் காப்புரிமையில் அது ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் 'கியூரிங்'. 'ஸ்குல்ப்தூர்' என்றால் சிற்பம். டயரில் அது தரையில் படும் பகுதியின் வெட்டு வடிவம், அதாவது 'டிரெட் பேட்டர்ன்'. நூறு பங்கு ரப்பருக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும் 'பி.சி.இ.' என்ற சுருக்கம் மாறாமல் அப்படியே நின்றுவிடும். ஆங்கிலத்தில் அது 'பி.எச்.ஆர்.' பிரெஞ்சில் 1,5 என்று காற்புள்ளியோடு இருப்பது நமக்கு 1.5. கந்தகத்தின் அளவில் இதைக் கவனிக்காமல் விட்டால் கலவையே வேறாகிவிடும்.

என்னை அதிகம் அலைக்கழித்த சொல் 'சேன்யே'. நேர்ப்பொருள் இரத்தம் வடியவிடுதல். ஒரு ரப்பர் மரக் கருவி பற்றிய காப்புரிமையில் இயந்திரம் அதற்குப் 'பள்ளம்' என்று பொருள் போட்டிருந்தது. இயந்திர உறுப்புகளில் அது சரியான பொருள்தான் என்பதால் நானும் பாதி நாள் அதை நம்பிவிட்டேன். மரத்தில் எதற்குப் பள்ளம் என்று அப்பாவிடம் கேட்டேன். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "பள்ளம் இல்லம்மா. பட்டையை மட்டும் சீவணும். கட்டையைத் தொட்டா மரம் புண்ணாயிடும்" என்றார். அப்புறம்தான் புரிந்தது: அது பால் வெட்டு, ஆங்கிலத்தில் 'டேப்பிங்'.

எனக்கு அதிகம் உதவியது எது என்றால், எஸ்பாசெனட் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பியக் காப்புரிமைகள்தான். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று அலுவல் மொழிகள். காப்புரிமை வழங்கும்போது, எதற்கெல்லாம் உரிமை என்று எண் போட்டுச் சொல்லும் உரிமைக்கோரிக்கைகள் மூன்று மொழியிலும் அச்சாகும். எண்ணோடு 'பி1' என்று இருக்கும், அதாவது வழங்கப்பட்ட காப்புரிமையின் ஆவணத்தைத் திறந்தால் பிரெஞ்சுக் கோரிக்கையும் அதன் ஆங்கிலமும் ஒரே கோப்பில் இருக்கும். அந்தத் துறையில் உண்மையிலேயே புழங்கும் சொல் அதில் கிடைக்கிறது. விவரணைப் பகுதி மட்டும் ஒரு மொழியில்தான் இருக்கும். அதற்கு அதே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் போட்ட விண்ணப்பத்தை, ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்டவற்றைக் காட்டும் குடும்பப் பட்டியலில் தேடி, பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் (விப்போ) விப்போ பேர்ல் சொல்வங்கியும் நல்லது. 2014இல் வந்தது, 10 மொழிகளில் தேடலாம். ஒரு சொல்லுக்குப் பக்கத்துக் கருத்துகள் எவை என்று வரைபடமாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். பொதுப் பொறியியல் சொல்லுக்குக் கனடா அரசின் டெர்மியம் பிளஸ் சொல்வங்கி போதும்.

ஆனால் எந்தச் சொல்வங்கியும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. 'கோம்ப்ரெனான்' என்றால் 'கம்ப்ரைசிங்': சொன்னவை இருக்க வேண்டும், வேறு பொருளும் சேரலாம். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்று எழுதினால் கதவை மூடிவிட்டோம், சொன்னவை மட்டும்தான். ஒருமுறை என் வேலையைச் சரிபார்த்தவர் முதல் கோரிக்கையில் முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதைப் போட்டுவிட்டார். நான்காவது கோரிக்கையைப் பாருங்கள் என்று எழுதினேன். முதல் கோரிக்கையின் கலவையில் ஒரு பிசினையும் சேர்க்கலாம் என்கிறது அது. முதலாவதை மூடிவிட்டால் நான்காவது எப்படி நிற்கும்? திரும்ப மாற்றினார்கள். ஒரு சொல்லில் ஒருவருடைய உரிமையின் எல்லையே சுருங்கிவிடும் என்பதால் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புதிதாக வருபவர்கள் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். எஸ்பாசெனட், விப்போ பேர்ல், டெர்மியம் பிளஸ் மூன்றும் இலவசம். கூடவே சொந்தமாக ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, காப்புரிமை எந்தத் துறையைச் சேர்ந்தது என்று காட்டும் வகைப்பாட்டு எண்ணையும் எழுதுங்கள். டயர் என்றால் பி60சி, ரப்பர் கலவை என்றால் சி08எல். என் பட்டியலில் 'சேன்யே' இரண்டு வரிகளில் இருக்கிறது. இயந்திர உறுப்புகளுக்கான எஃப்16க்கு எதிரே 'குரூவ்', அதாவது பள்ளம். மரத்திலிருந்து பால் எடுக்கும் ஏ01ஜி 23க்கு எதிரே 'டேப்பிங்'.