பிளாக் கேர்ள் (1966): ஒரு மணி நேரப் படம், அவசியம் பாருங்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் கறுப்பு வெள்ளைப் படம் இது. உலக சினிமா தேடிப் பார்க்கிறவர்களிலேயே பலர் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செனகலின் தலைநகர் டக்காரில் வேலை தேடும் பெண்கள் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி வந்ததும் எல்லோரும் முண்டியடிக்க, ஒதுங்கியிருக்கும் தியுவானாவுக்கு வேலை கிடைக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் குடும்பம் பிரான்சில் ஆன்டீப் நகரத்துக்குப் போய்விட, பின்னாலேயே இவளும் கடைவீதி, கடற்கரை என்று ஆயிரம் ஆசையோடு கப்பலில் போய் இறங்குகிறாள். அங்கே குழந்தைகளையே காணோம். சமையல், கூட்டிப் பெருக்குவது, குளியலறை கழுவுவது, மறுபடி சமையல். பிரான்ஸ் என்று அவள் பார்த்ததெல்லாம் அந்த ஃபிளாட்டின் நாலு அறைதான்.

படத்தின் உயிர் அவள் குரலில் இருக்கிறது. வாயைத் திறந்தால் பெரும்பாலும் "சரிங்க" மட்டும்தான் வரும், ஆனால் மனதுக்குள் ஓயாமல் பேசுகிறாள், கேள்வி கேட்கிறாள், குமுறுகிறாள். அது நமக்குக் கேட்கிறது, அதே மேஜையில் அவள் பரிமாறச் சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்பதில்லை. அம்மாவிடமிருந்து கடிதம் வரும் காட்சி ஒன்று போதும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் வீட்டு முதலாளியே படித்துக் காட்டுகிறார், அவள் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவள் பெயரில் பதிலும் எழுத ஆரம்பித்துவிடுகிறார். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதனால்தான் பார்க்க இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவள் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுகிறாள்.

செம்பேன் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலைக்காரியின் நாள் எப்படி நகரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வீடு பெருக்கும் பெண்ணை அவர் ஒரு இடத்திலும் கேலிப்பொருளாக்கவில்லை. தியுவானாவாக வரும் ம்பிசீன் தெரேஸ் தியோப் நிமிர்ந்த கழுத்தோடு அதிகம் பேசாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. பிரெஞ்சுத் தம்பதியின் நடிப்பு தட்டையாக இருக்கிறது. தியுவானாவின் மனக்குரலும் வேறொருவர் பேசிய சரளமான பிரெஞ்சு, எனக்கு ஆரம்பத்தில் அது உறுத்தியது, கடிதக் காட்சிக்கு வரும்போது மறந்தே போயிற்று.

முடிவைச் சொல்லப்போவதில்லை. தியுவானா அந்தக் குடும்பத்துக்குப் பரிசாகக் கொடுத்த மர முகமூடியை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள், கடைசிப் பத்து நிமிடம் அதை நம்பித்தான் நிற்கிறது. புதுப்பிக்கப்பட்ட பிரதி இருக்கிறது, சப்டைட்டிலோடு அதையே தேடிப் பாருங்கள்.