பெங்களூர் பீன்யாவில் பழைய ஜா கிரஷர் (கல் உடைக்கும் மிஷின்) பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். போன வாரம் ஸ்ரீராமபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரப் பையன், பீன்யாவில் ஒரு பழைய கிரஷர் பேசி முடித்திருப்பதாகவும் திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகவும் சொன்னான். யாரிடம் என்று கேட்டேன். எனக்கு விற்ற அதே ஆள். அவனைத் தடுத்துவிட்டேன். எல்லார் பக்கத்திலும் நான் உட்கார முடியாது, அதனால்தான் இந்தப் பதிவு.

நான் பதினைந்து வருடம் பெங்களூரில் டிப்பர் வைத்து ஜல்லி விற்றவன். நாற்பது எம்எம், இருபது எம்எம், எம்சாண்ட் எல்லாம் கையில் அள்ளினாலே தரம் சொல்லுவேன். இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. மச்சானும் நானும் சேர்ந்து ஆனேக்கல் தாண்டி ஒரு சின்ன கிரஷரை நடத்த எடுத்தோம். அங்கிருந்த மிஷின் தேய்ந்து போயிருந்தது. புதிது வாங்க வசதி இல்லை. அப்போதுதான் பீன்யா செகண்ட் ஸ்டேஜில் பழைய மிஷினை ரீகண்டிஷன் செய்து விற்கும் ஒரு ஷெட்டுக்கு ஒரு புரோக்கர் கூட்டிக்கொண்டு போனார்.

ஷெட்காரர் தமிழர். எங்கள் அப்பா ஊருக்குப் பக்கத்து ஊர். காபி வரவழைத்தார், ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசினார். கன்னடத்தில் பேரம் பேசி அலுத்துப் போயிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வாய் 30 அங்குலத்துக்கு 15 அங்குலம் உள்ள ஜா கிரஷர் ஒன்று, கூடவே வண்டியை லோடோடு ஏற்றி எடை போடும் 40 டன் பழைய எடைமேடை ஒன்று, இரண்டும் சேர்த்து பதினோரு லட்சம் என்று முடிந்தது.

மிஷினை ஓட்டிக் காட்டினார். ஃப்ளைவீல் சத்தமில்லாமல் சுற்றியது. "பேரிங் மேல கையை வச்சுப் பாருங்க தம்பி, சூடு இருக்கா?" என்றார். வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஆனால் மஞ்சள் பெயின்ட் விரலில் ஒட்டியது. முந்தின நாள் அடித்த பெயின்ட். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்து நிமிடம் காலியாக ஓடினால் எந்த பேரிங்கும் சூடாகாது. கல் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். ஷெட்டில் கல் இல்லை என்பார்கள். அரை டிப்பர் போல்டர் (உடைக்காத பெரிய கல்) நம் செலவில் கொண்டு போய்க் கொட்டினால் என்ன ஆகிவிடும்? பதினோரு லட்சத்துக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

மிஷின் வந்து ஒன்பதாவது நாள், கல்லைக் கடித்து நொறுக்கும் ஜா பிளேட்டின் பல் பாதிக்கு மேல் மழுங்கிவிட்டது. லால்பாக் குன்றில் காலடியில் கிடக்கிறதே, அதே ஜாதிப் பாறைதான் எங்கள் பக்கமும். கடினமான கல்தான், ஆனாலும் ஒன்பது நாளா? ஓசூரிலிருந்து வயதான ஃபிட்டர் ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். பிளேட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிடுங்கவே இரண்டு விரல் தேவைப்பட்டது.

"இது மாங்கனீஸ் இல்ல தம்பி. சாதா வார்ப்பு."

அவர் சொல்லித்தான் தெரிந்தது. நல்ல ஜா பிளேட் மாங்கனீஸ் ஸ்டீலில் வார்த்தது. நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பதினான்கு பங்கு மாங்கனீஸ் இருக்கும். 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. அதன் குணம் என்னவென்றால், கல் அடிக்க அடிக்க மேல்பரப்பு இன்னும் இறுகும். இன்னொரு குணம், காந்தம் அதில் சரியாக ஒட்டாது. மேல்தோலில் லேசாக இழுத்தாலும் இழுக்கும், ஆனால் இப்படிக் கவ்வாது. இருபது ரூபாய்க் காந்தம் ஒன்று பையில் இருந்திருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

சரி, பிளேட்தானே, மாற்றிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புதுசு வாங்கிப் போட்டோம். அடுத்த மாதம்தான் பெரிய அடி விழுந்தது. எக்ஸ்கவேட்டரின் பக்கெட் பல் ஒன்று கழன்று, கல்லோடு கல்லாக உள்ளே போய்விட்டது. எந்த கிரஷரிலும் இது நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தான் டாகிள் பிளேட் என்று ஒன்று இருக்கிறது. அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் தகடு அது. உடையாத இரும்பு உள்ளே மாட்டினால் அந்தத் தகடு உடைந்து மிஷினைக் காப்பாற்றும். வீட்டில் ஃப்யூஸ் கம்பி செய்கிற வேலை. அதனால்தான் அதை வார்ப்பிரும்பில் செய்வார்கள்.

எங்கள் மிஷினில் அது உடையவில்லை. வார்ப்பிரும்புக்குப் பதிலாகத் தடிமனான ஸ்டீல் தகட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். அடிக்கடி உடைகிறதே என்று முந்தின சொந்தக்காரர்கூட மாட்டியிருக்கலாம் என்று மச்சான் சொல்கிறான். யார் போட்டிருந்தாலும், ரீகண்டிஷன் என்று சொல்லி விற்றவர் அதைக் கழற்றியிருக்க வேண்டும். மொத்த அடியும் ஃப்ரேமுக்குப் போனது. மிஷின் நின்றபோது கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஃபிட்டர் அண்ணன் மறுபடி வந்தார். பேரிங் உட்காரும் இடத்துக்குக் கீழே சைடு பிளேட்டில் பெயின்ட்டைச் சுரண்டச் சொன்னார். மண்ணெண்ணெய் தடவினார். கால் மணி நேரம் கழித்துத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் சாக்பீஸ் பொடியை வெள்ளையாகப் பூசினார். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெள்ளைக்கு நடுவில் மெதுவாக ஒரு ஈரக்கோடு எழுந்தது. முக்கால் அடி நீளம். அதன் கீழ்ப்பாதியில் வெல்டிங் செய்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். அதாவது பழைய விரிசல். என்னிடம் வருவதற்கு முன்பே இருந்த விரிசல்.

பணம் போனதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். எடைமேடை விஷயம்தான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எங்களிடம் லோடு எடுக்கும் டிரைவர் ஒருவர், "அண்ணா, வண்டியை முன்னால தள்ளி நிறுத்தினா ஒரு எடை, பின்னால நிறுத்தினா ஒரு எடை காட்டுது" என்றார். சோதித்துப் பார்த்தோம். அதே வண்டி, அதே லோடு. முன்னால் 27,640 கிலோ, பின்னால் 27,260. மேடைக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் ஒரு மூலையில் எடையை உணரும் லோடு செல் மட்டும் வேறு கம்பெனி, லோடு செல் வயர்கள் வந்து சேரும் சந்திப்புப் பெட்டியில் சீல் அறுந்து கிடந்தது. வெளியே ஒரு தர்ம காட்டாவில் (பொது எடைமேடையில்) அந்த வண்டியை ஏற்றினோம். எங்கள் மேடை லோடுக்கு முந்நூற்றைம்பது கிலோ வரை கூட்டிக் காட்டியிருந்தது. இரண்டு மாதமாக நான் என் வாடிக்கையாளர்களுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அவர்களுக்கு ஜல்லி வந்துவிடுமா? ரெஜிஸ்டரை எடுத்துக் கணக்குப் போட்டு, ஐம்பது லோடு எடுத்தவருக்கு ஒரு லோடு என்ற விகிதத்தில் ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம்.

"முத்திரை இருக்கு, இந்த வருஷம் பூரா செல்லும்" என்று சொல்லித்தான் ஷெட்காரர் அதை விற்றார். அது பொய். எடைமேடைக்கு வருடம் ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு இடத்தில் கழற்றி இன்னொரு இடத்தில் பூட்டினால், பழைய முத்திரைக்கு நாள் பாக்கி இருந்தாலும், சட்டமுறை எடையளவுத் துறையில் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்கியே ஆக வேண்டும். எடைக்கருவி விற்கவும் ரிப்பேர் பார்க்கவும் 2009-ம் வருடச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். விற்கிறவரிடம் அந்த லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். அதே காபி வந்தது. பில்லை எடுத்துப் பாருங்கள் என்றார். பில்லில் ஆறு லட்சம்தான் இருந்தது, மீதி ரொக்கம். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று அவர் சொன்னபோது தலையாட்டியது நான்தான், அது என் தப்பு. பொருளின் பெயர் 'பழைய இயந்திர உதிரி பாகங்கள்'. கீழே சின்ன எழுத்தில், உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி. கிரஷர் என்ற சொல்லே அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

வக்கீலைப் பார்த்தோம். வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் பொதுவாக இடம் கிடையாது, சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு, ஆள் வைத்து நடத்தும் உங்களுக்கு அது பொருந்துவது கஷ்டம் என்றார். சிவில் வழக்குத்தான் போட வேண்டும். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை.

கல்யாணத்தில் பார்த்த பையன் இப்போது வேறொரு ஷெட்டில் பேசிக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன். அரை டிப்பர் போல்டர் அனுப்ப மச்சானிடம் சொல்லியாகிவிட்டது. பெங்களூரில் வேறு யாராவது மிஷின் பார்க்கப் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். காந்தம், மண்ணெண்ணெய், சாக்பீஸ் மூன்றும் என் வண்டியிலேயே இருக்கின்றன.