கோடையில் பொம்பெயி: எந்த வாசல், எத்தனை மணி, எவ்வளவு தண்ணீர்

எரிமலைச் சாம்பலில் புதைந்து தோண்டியெடுக்கப்பட்ட இத்தாலியின் பழைய ரோமானிய ஊர் பொம்பெயி. ஜூலை, ஆகஸ்டில் குழந்தைகளோடு அங்கே போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் போகிற மாதிரி போகக் கூடாது. நேப்பிள்ஸில் சாவகாசமாகக் காலை உணவை முடித்துவிட்டு, பத்தரை பதினொரு மணிக்கு ரயிலைவிட்டு இறங்கி, எதிரே தெரிகிற போர்ட்டா மரீனா வாசலில் வரிசையில் நின்று, உள்ளே ஏறி, சரியாக உச்சி வெயிலுக்கு ஊரின் பொதுச் சதுக்கமான ஃபோரம் திடலில் போய் நிற்கிறார்கள். அந்த ஊரிலேயே நிழல் கொஞ்சமும் இல்லாத இடம் அந்தத் திடல்தான். ஒரு மணிக்குள் குழந்தை அழும், பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். பிறகு இணையத்தில் வந்து ஒரு நட்சத்திரம் போடுவார்கள். தவறு இடத்தின் மேல் பாதிதான்.

முதலில் வெயில் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் திட்டம் தானாக வந்துவிடும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயியின் மேல் விழுந்த சாம்பலும் நுரைக்கல்லும் கூரைகளையும் மாடிகளையும் நொறுக்கிவிட்டன. அந்தக் காலத்தில் தெருவுக்கு நிழல் கொடுத்தவை அந்த மாடிகளும், வெளியே நீட்டிய பால்கனிகளும்தான். இப்போது மிச்சம் நிற்பது பெரும்பாலும் தரைத்தளச் சுவர்கள் மட்டுமே. தெருத்தளமோ எரிமலைப் பாறைப் பலகைகள். கரும்சாம்பல் நிறம்; நடுப்பகலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் போலச் சுடும். மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து அனல், பக்கச் சுவரிலிருந்து எதிரொளி. சாதாரண நாளிலேயே நிழலில் 30 டிகிரியைத் தொட்டுவிடும். வெப்ப அலை வந்தால் 35ஐத் தாண்டும். தெருவுக்குள் உடம்பு உணர்வது அதைவிட அதிகம்.

டிக்கெட் விஷயம். பெரியவர்களுக்கான சாதா டிக்கெட் 20 யூரோவை ஒட்டி இருக்கும். மதிலுக்கு வெளியே உள்ள வில்லாக்களையும் சேர்த்த டிக்கெட் சில யூரோ அதிகம். விலையைப் பொம்பெயி தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது ஏற்றுகிறார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இலவசம். ஆனால் இலவச டிக்கெட்டும் டிக்கெட்தான். அதையும் எடுத்தாக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது, நாளொன்றுக்கு 20,000 பேர்தான். அதனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், குழந்தைகளுடையதும்தான். கோடைக் காலத்தில் இந்த 20,000த்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: காலை 9 முதல் 1 வரை 15,000, அதற்குப் பிறகு மாலை 5.30 வரை 5,000. வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் காலை ஒதுக்கீடு தீர்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மிச்சமாகும் காசு கூட்டத்திலேயே கரைந்துவிடும்.

வாசல் பக்கம் ‘வரிசையில் நிற்காமல் உள்ளே’ என்று பலகை வைத்து விற்பவர்களிடம், அந்த விலைக்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். பல நேரங்களில் அது அதே டிக்கெட்டோடு ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுவதுதான். தனி வழிகாட்டி வேண்டுமானால் உரிமம் பெற்றவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். உரிமம் உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசல்கள் மூன்று: போர்ட்டா மரீனா, பியாட்சா எசெத்ரா, பியாட்சா அன்ஃபிதியாத்ரோ. முதல் இரண்டும் ஊரின் மேற்கே அருகருகே இருக்கின்றன. மூன்றாவது கிழக்குக் கோடியில், ஆம்பிதியேட்டர் எனும் திறந்தவெளி வட்ட அரங்கின் பக்கம். குடும்பத்தோடு கோடையில் போகிறவர்களுக்கு அந்த மூன்றாவதுதான் சரி. காரணங்களைச் சொல்கிறேன். பைன் மரங்களும் நல்ல நிழலும் அந்தப் பக்கம்தான். காலையில் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் வெயில் முதுகில்தான் விழும், கண்ணில் குத்தாது. போர்ட்டா மரீனாவின் செங்குத்தான கற்சரிவில் ஏறி உள்ளே நுழைவதற்குப் பதில், களைத்த பிறகு அதே சரிவில் இறங்கி வெளியே வருவீர்கள். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகிற மாதிரி சீரமைத்த பாதை தொடங்குவதும் இந்தக் கிழக்கு வாசலில்தான். அது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது.

ரயிலில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகிற சர்க்கும்வெசுவியானா ரயில் ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ நிலையத்தில் நிற்கும். அது போர்ட்டா மரீனா வாசலுக்கு எதிரே. பொஜ்ஜோமரீனோ போகிற ரயிலில் ஏறிவிட்டால் ‘பொம்பெயி சான்துவாரியோ’ என்ற வேறொரு நிலையத்தில் இறங்குவீர்கள். பதற வேண்டாம், நாம் சொல்கிற கிழக்கு வாசலுக்கு அதுதான் பக்கம். இரண்டையும்விட வசதி, நேப்பிள்ஸ் சென்ட்ராலேயிலிருந்து அரசு ரயிலில் ‘பொம்பெயி’ நிலையம் போய், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. சர்க்கும்வெசுவியானா பழைய ரயில். கோடையில் நெரிசலும் புழுக்கமும் சேர்ந்து, போய் இறங்கும்போதே பாதித் தெம்பு போய்விடும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கை வைப்பவர்கள் உண்டு.

30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள் என்பது சரி. ஆனால் எடுக்க அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறும் திட்டம் அங்கேயே உடைந்துவிடும். எனவே சின்னப் பைகள் மட்டும். வெளியே போய்விட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே வர முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி நடை. ஒன்பது மணிக்கு வாசல் திறந்ததும் நேரே ஆம்பிதியேட்டர். கி.மு. 70 வாக்கில் கட்டியது, 20,000 பேர் உட்காரலாம். கல்லால் கட்டிய ஆம்பிதியேட்டர்களில் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் இதுதான் மிகப் பழையது. கி.பி. 59இல் பக்கத்து ஊரான நுக்கேரியாக்காரர்களோடு இங்கே பார்வையாளர் வரிசையில் அடிதடி மூண்டு ஆட்கள் செத்தார்கள். ரோமின் செனட் பத்து ஆண்டுகளுக்கு இந்த ஊரில் வீர விளையாட்டுக்குத் தடை போட்டது. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஒன்று போதும். எதிரே பலேஸ்ட்ரா கிராந்தே, பெரிய உடற்பயிற்சித் திடல். நடுவே நீச்சல் குளம், மூன்று பக்கம் தூண் தாழ்வாரம். தாழ்வார நிழலில் ஒரு தண்ணீர் இடைவேளை.

அங்கிருந்து ‘தப்பியோடியவர்களின் தோட்டம்’ சில நிமிட நடை. 13 பேரின் உருவங்கள் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கின்றன. உடல்கள் மக்கிப் போன பிறகு இறுகிய சாம்பலில் அவற்றின் வடிவில் வெற்றிடம் மிஞ்சியது. அதில் ஜிப்சம் சாந்தை ஊற்றி வார்த்தெடுக்கும் முறையை 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி கொண்டுவந்தார். அங்கே குழந்தைகளின் உருவங்களும் உண்டு. ஆறேழு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன் அது என்ன என்று சொல்லி வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பிறகு வியா டெல் அப்பொந்தான்ட்சா, ஊரின் முதன்மைத் தெரு. இங்கேதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சாலை நடுவே வண்டிச் சக்கரம் அறுத்த தடங்கள் இருக்கின்றன, விரலை விட்டுப் பார்க்கலாம். குறுக்கே பாலம் போல நிற்கும் உயரக் கற்கள், தெருவில் கழிவுநீர் ஓடும்போது கால் படாமல் கடக்க. பலகைக் கல்லில் வட்டக் குழிகள் தெரிந்தால் அது சுடுசோறு விற்ற கடை. ஜாடிகளைப் பதித்து வைத்த இடம் அந்தக் குழிகள். சலவைக்காரர் ஸ்தெஃபானுஸின் பட்டறையில் துணி மிதித்த தொட்டிகள் அப்படியே இருக்கின்றன.

முக்கியமாக, நாற்சந்தித் தொட்டிகள். ஊரில் இப்படிச் சுமார் 40 இருந்தன. பலவற்றில் இன்றைய குழாய் பொருத்திக் குடிநீர் விட்டிருக்கிறார்கள். செதுக்கிய முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் தொட்டி விளிம்பைப் பாருங்கள். கையை ஊன்றிக் குனிந்து குனிந்து கல்லே வழுவழுவென்று பள்ளமாகியிருக்கும். ரோமானியர் ஊன்றிய அதே இடத்தில் ஊன்றித்தான் நீங்களும் பாட்டிலை நிரப்புவீர்கள். எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் வராது என்பதால், வருகிற இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். தொப்பியை நனைத்து மாட்டிக்கொள்வது விசிறியைவிட உத்தமம்.

ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருந்தால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள். கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு என்று கணக்கு வைத்துக் கொடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வைத்திருங்கள். சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு, பெரியது ஒரு லிட்டருக்கு. பாக்கெட்டின் மேலே உள்ள அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள். தலைவலி, குமட்டல், சில்லென்று வியர்ப்பது தெரிந்தால் உடனே நிழல், படுக்கை, ஈரத்துணி. பேச்சு குழறினாலோ, நிதானம் தவறினாலோ 112ஐ அழையுங்கள்.

ரப்பர் சோல் உள்ள மூடிய ஷூ போடுங்கள். மழுங்கிய கல்லில் செருப்பு வழுக்கும், மெல்லிய சோல் வழியே சூடும் ஏறும். குடை? அகலத் தெருவில் சரி, வீட்டு வாசல்களில் மற்றவர் கண்ணைக் குத்தும். நடக்கும் பக்கத்தைக்கூட யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம்: வடக்கு-தெற்காகப் போகும் சந்துகளில் காலையில் கிழக்குச் சுவரோரம் நிழல், மாலையில் மேற்குச் சுவரோரம்.

பதினொரு மணிக்குள் ஸ்தாபியன் குளியலகத்துக்கு வந்துவிடுங்கள். வளைகூரை தப்பிப் பிழைத்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் வெப்பம் சட்டென்று குறையும். தரையைச் செங்கல் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் சூடான காற்றை ஓடவிட்டு, சுவர் இடுக்கிலும் ஏற்றிய ஏற்பாடு அங்கே உடைந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. பொம்பெயியில் எதையாவது பிள்ளைகளுக்கு நின்று விளக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் விளக்குங்கள். நிழலும் இருக்கிறது, பொறியியலும் இருக்கிறது. பக்கத்தில் மொதெஸ்துஸின் ரொட்டிக் கடை. அடுப்பைத் திறந்தபோது கரிந்துபோன 81 ரொட்டிகள் கிடைத்தன.

இதற்குப் பிறகு ஃபோரத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டுக்குள் போர்ட்டா மரீனா வழியாக வெளியே. வெட்டீ (Vettii) என்பவர்களின் வீடு (VI 15, 1), ஃபானின் (Faun, ரோமானியக் காட்டுத் தேவன்) வீடு (VI 12, 2) இரண்டும் வடக்கே தள்ளி இருக்கின்றன; அடைப்புக்குள் இருப்பது பகுதி, தொகுதி, வாசல் எண். பிள்ளைகளுக்குத் தெம்பு இருந்தால் முதலாவது மட்டும். 2023இல் மறுபடி திறந்த அதன் சுவர் ஓவியங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கின்றன, வாசலில் வரிசை உண்டு. ஃபானின் வீட்டில் தரையில் கிடக்கும் அலெக்சாந்தர் மொசைக் (மாமன்னர் அலெக்சாந்தரின் போரைச் சிறு கற்களால் வடித்த ஓவியம்) நகல்தான். அசலை 1843இலேயே நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

குறைகள்: உட்காரப் பெஞ்சுகள் மிகக் குறைவு. கழிப்பறைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், எனவே நுழையும்போதே போய்விட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தில் இருக்கும் வீடுகளில் பல பூட்டிக் கிடக்கும். சுழற்சி முறையில் திறக்கிறார்கள், முன்கூட்டித் தெரிந்துகொள்வது கஷ்டம். ஃபோரம் பக்கத்து உணவகம் ஒரு நல்ல ஓய்விடம். சாப்பாடு விலைக்கு ஏற்ற தரமில்லை. சைவர்களுக்கு பீட்சாத் துண்டும் சாண்ட்விச்சும் கிடைக்கும், அவ்வளவுதான்.

காலையில் எழ முடியாத குடும்பங்களுக்கு இன்னொரு வழி மாலை நாலு மணி. ஏழுக்கு மூடுவார்கள், வீடுகளை அதற்கு முன்பே அடைக்கத் தொடங்குவார்கள். கூட்டம் கால்வாசிதான். கல்லில் சூடு மிச்சமிருக்கும், ஆனால் தெருக்கள் உங்களுக்கே. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் இதையே சிபாரிசு செய்வேன்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களோ முட்டி வலியுள்ள பாட்டி தாத்தாவோ உடன் வந்தால் பொம்பெயியை விட்டு, அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம் போங்கள். அதே ரயில் பாதையில் எர்கொலானோ ஸ்காவி நிலையம். நாலைந்து ஹெக்டேர்தான், இரண்டு மணி நேரத்தில் முடியும். சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குப் புதைந்ததால் மாடிகளும் கரிந்த மரச்சட்டங்களும்கூட நிற்கின்றன. கூரை இருப்பதால் நிழலும் இருக்கிறது. பள்ளத்துக்குள் இருப்பதால் காற்று வராது, அது ஒரு குறை. நிலையத்திலிருந்து போகும்போது இறக்கம், திரும்பும்போது வெயிலில் ஏற்றம். வயதானவர்களுக்குத் திரும்பி வர டாக்சி பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் மதிப்பெண்: காலை ஒன்பதுக்குக் கிழக்கு வாசல் வழியாக என்றால் 5க்கு 4.5. பதினொன்றுக்கு மேற்கு வாசல் என்றால் 2. மதியத்தை அலெக்சாந்தர் மொசைக்கின் வீடான நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துப் பொம்பெயி நாளைத் தேர்ந்தெடுங்கள்.