மசாலா பிரெட்சல்: ஊறவைப்பதா, ஓவனில் சுடுவதா?

விடுமுறைக்கு வீடு நிறைய ஆட்கள் வரும்போது நான் ஓவனைத் தொடுவதில்லை. மூடி போட்ட பெரிய டப்பாவில் அரை கிலோ பிரெட்சல் (முடிச்சு வடிவில் இருக்கும் மொறுமொறு உப்புத் தின்பண்டம்), முக்கால் கப் எண்ணெய், பூண்டுத்தூள், வெங்காயத்தூள், கொஞ்சம் மிளகு. முதல் இரண்டு மணி நேரம் அவ்வப்போது டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். அடியில் தேங்கி நின்ற எண்ணெய் மறுநாள் காலையில் இருக்காது. மசாலா ஒவ்வொரு வளைவிலும் அப்பியிருக்கும். அந்த மணத்துக்காகவே இதைச் செய்யலாம்.

ஓவன் என்றால் 120 டிகிரியில் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறல். மொறுமொறுப்பு கூடும், உண்மைதான். கவனம் தப்பினால் பூண்டுத்தூள் கருகிக் கசந்துவிடும். சரி, வெண்ணெய் ருசிதான் வேண்டுமா? அப்போது ஓவனே நல்லது. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். சுடாமல் விட்டால் பிரெட்சல் நமுத்துவிடும்.