போர்க்காலத்தில் எழுதப்படும் அமைதி: வரைபடம், பிரகடனம், வாழ்வாதாரத் திட்டம்

போரில் இறங்கிய நாடுகள் சண்டை ஓய்வதற்கு வெகு காலம் முன்பே, பின்னால் வரவேண்டிய அமைதியைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு உலகப் போர்களின் ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அந்த எழுத்து பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்: எதிரியின் நிலத்தைப் பங்கிடும் வரைபடம், உலகத்துக்கே பொதுவாக அறிவிக்கப்படும் கொள்கைப் பிரகடனம், போர் முடிந்த பிறகு மக்கள் எந்தத் தொழிலைச் செய்து எப்படிப் பிழைப்பார்கள் என்று கணக்கிடும் திட்டம். இவற்றில் எது மேல் என்று தீர்மானிக்க, தோற்ற நாட்டின் மக்களுக்கு அதில் என்ன இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையே நான் உரைகல்லாகக் கொள்கிறேன்.

வரைபட வகைக்குத் தெளிவான சான்று, 1914 செப்டம்பரில் ஜெர்மன் தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கின் அலுவலகத்தில் உருவான திட்டம். பாரிசை நோக்கிய ஜெர்மன் படையெடுப்பைத் தடுத்த மார்ன் சண்டையின் முடிவு தெரிவதற்குள் எழுதப்பட்ட அதில், பிரான்சின் பிரியே இரும்புத்தாதுப் படுகை ஜெர்மனிக்குப் போக வேண்டும், லக்சம்பர்க் ஜெர்மனியோடு இணைய வேண்டும், பெல்ஜியம் அதற்கு அடங்கிய நாடாக வேண்டும், ஜெர்மன் தலைமையில் நடு ஐரோப்பா ஒரே சுங்க வட்டமாக வேண்டும் என்றெல்லாம் குறிக்கப்பட்டிருந்தது. எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1916இல் பிரிட்டனும் பிரான்சும் ஒட்டோமான் நிலங்களை இரகசியமாகப் பங்கிட்டுக்கொண்டதை, மறு ஆண்டு ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் வெளியிட்ட பிறகுதான் உலகம் அறிந்தது. இத்தகைய வரைபடத்தின் பெரிய ஆபத்து, உயிரிழப்பு கூடக்கூட அதைக் கைவிடுவது கடினமாகிக்கொண்டே போவதுதான். இத்தனை பேரைப் பலி கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற கேள்வியை எந்த அரசாலும் எளிதில் தாங்க முடிவதில்லை. 1917 ஜூலையில் ஜெர்மன் நாடாளுமன்றமே, நிலப்பறிப்பு இல்லாத சமரச அமைதி வேண்டும் என்று 212க்கு 126 என்ற வாக்குகளில் தீர்மானம் போட்டது. படைத்தலைமை அதைப் பொருட்படுத்தவில்லை. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தின் வழியே ரஷ்யாவிடமிருந்து போலந்தையும் பால்டிக் நிலங்களையும் உக்ரைனையும் பிரித்தெடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியே தோற்றதும் ஒப்பந்தம் செல்லாததாயிற்று.

பிரகடனம் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. 1918 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த 14 அம்சங்களை எதிரியாலும் படிக்க முடிந்தது, படித்துவிட்டு ஏற்கவும் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனி அவற்றை அடிப்படையாக வைத்தே போர்நிறுத்தம் கேட்டது. பங்கீட்டு வரைபடம் எதையும் எதிரி அப்படித் தேடி வந்து ஏற்றுக்கொள்ள மாட்டான். ஆனால் பொதுவான சொற்களில் எழுதப்பட்ட வாக்குறுதியில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைப் படித்துக்கொள்கிறார்கள் என்பதால், கணக்குத் தீர்க்கும் நாளில் ஏமாற்றமும் அந்த அளவுக்குப் பெரிதாகிறது. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் 1919 ஜூலை வரை கடல் முற்றுகை தொடர்ந்தது. போரை முடித்துவைத்த 1919இன் வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு இழப்புகள் அனைத்துக்குமான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. வில்சனை நம்பிச் சரணடைந்தோம் என்ற மனக்குறையை அடுத்த தலைமுறையின் தீவிரவாதிகள் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது வகையின் உள்முரண்களை 1944இன் அமெரிக்க அரசாங்கத்துக்குள்ளேயே காணலாம். நிதியமைச்சர் மார்கன்தாவ், ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியின் ஆலைகளைக் கழற்றி, சுரங்கங்களை மூடி, ஜெர்மனியை உழவும் மேய்ச்சலுமே முதன்மையான நாடாக்க வேண்டும் என்றார். யூதப் படுகொலையைப் பற்றிய செய்திகளைத் தம் அரசின் பிற துறைகள் அமுக்கி வைத்ததைக் கண்டு, 1944 ஜனவரியில் அகதிகளைக் காப்பாற்றத் தனி வாரியம் அமையக் காரணமாக இருந்தவர் அவர். அவருடைய கோபத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தச் செப்டம்பரில் கியூபெக்கில் கூடிய ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அவருடைய கருத்தைத் தழுவிய குறிப்பில் சுருக்கொப்பமிட்டார்கள். போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் கடுமையாக மறுத்தார்: ரூரின் நிலக்கரியும் எஃகும் இல்லாமல் ஐரோப்பா முழுதுமே எழ முடியாது, ஒரு மக்களை முழுதாக வறுமையில் தள்ளுவது நாம் எதிர்த்துப் போரிடும் குற்றத்தையே ஒத்த குற்றம் என்பது அவர் வாதம். செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்ததும், சரணடைந்தால் இதுதான் கதி என்று நாஜிப் பரப்புரை அமைச்சர் கோயபெல்ஸ் தம் மக்களிடம் பரப்புரை செய்தார்.

மார்கன்தாவ், ஸ்டிம்சன் இருவரும் விரும்பியது, ஜெர்மனி இனியொரு போரைத் தொடங்காதிருக்க வேண்டும் என்ற ஒன்றையே. வேறுபட்டது அந்நாட்டின் ஏழு கோடி மக்களைப் பற்றிய கணக்கு. ரூஸ்வெல்ட் பின்வாங்கினாலும், நோயையும் கலவரத்தையும் தடுப்பதற்கு மேல் ஜெர்மன் பொருளாதாரத்தைச் சீரமைக்க எதுவும் செய்யக்கூடாது என்ற போக்கு 1945இன் ஆக்கிரமிப்பு ஆணையில் நிலைத்தது. 1947 மார்ச்சில் முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் நிலைமையை ஆய்ந்துவிட்டு, இரண்டரைக் கோடி மக்களை அழித்தாலோ வெளியேற்றினாலோ ஒழிய அந்நாட்டை மேய்ச்சல் நிலமாக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தார். ஜூன் 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல் ஐரோப்பாவுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தார். ஜூலையில் பழைய ஆணை கைவிடப்பட்டது. ஸ்டிம்சன் சொன்னதைச் செய்ய, பசியும் குளிரும் மிகுந்த இரண்டு குளிர்காலங்கள் கடக்க வேண்டியிருந்தது. தோற்றவர் எதைக் கொண்டு பிழைப்பார் என்று போர் நடக்கும்போதே கேட்கும் திட்டத்தையே மற்ற இரண்டுக்கும் மேலாக நான் வைப்பதற்குக் காரணம் அந்தக் குளிர்காலங்கள்தான்.

ஆயினும் பிரகடனத்துக்கு உரிய ஒரு வலிமை மற்ற இரண்டுக்கும் இல்லை. எல்லா மக்களுக்கும் தம் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் கூறியது. அடுத்த மாதமே சர்ச்சில், அது முதன்மையாக நாஜிப் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளைக் கருதி எழுதப்பட்டது, இந்தியாவையும் பர்மாவையும் பற்றிய பிரிட்டனின் கொள்கையை அது மாற்றாது என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார். அந்த விளக்கம் எடுபடவில்லை. 1943 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், சாசனத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆப்பிரிக்கருக்கு அது எதைத் தர வேண்டும் என்று வரிவரியாக எழுதி, வாக்குரிமையும் நில உரிமையும் கோரும் ஆவணமாக நிறைவேற்றியது.