க்ராத்தஸா, டன்ராபினா?

ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு கோட்டை பார்க்கத்தான் நேரம், அதுவும் தோட்டத்தோடு இருக்க வேண்டும் என்றால், பலரும் படத்தைப் பார்த்து வடக்குக் கடலோரத்து டன்ராபின் கோட்டையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். தப்பில்லை. கூம்புக் கூம்பாகக் கோபுரங்கள், 189 அறைகள், கீழே தோட்டம், அதற்கும் கீழே கடல். ஆனாலும் என் ஓட்டு க்ராத்தஸ் கோட்டைக்குத்தான்.

டன்ராபின் தோட்டம் மேலிருந்து பார்ப்பதற்கென்றே போட்டது. 1850இல் சார்லஸ் பாரி, பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டப் பாணியில் அமைத்தார். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரேதான். கோட்டையிலிருந்து எட்டிப் பார்த்தால் நீரூற்றைச் சுற்றிய பாத்திகள் கோலம் மாதிரி தெரியும். படியிறங்கிப் போனால் கோலத்தின் நடுவே நிற்கும் எறும்பின் கதைதான் நமக்கு. வல்லூறுகளைப் பறக்கவிட்டுக் காட்டும் காட்சி அங்கே நடப்பதால், குழந்தைகளுக்கு டன்ராபின்தான் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றிய சதர்லாந்து குடும்பத்தின் மாளிகை இது. அந்தக் குடும்பத்தின் முதல் டியூக்கின் பிரம்மாண்டச் சிலை கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் இன்னும் நிற்கிறது. அது தெரிந்த பிறகு 189 அறைகளை வாய்பிளந்து பார்க்க எனக்கு வரவில்லை.

க்ராத்தஸ் சின்னது. அபர்டீன் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். அரை நாள் போதும். 1323இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், பர்னெட் குடும்பத்துக்கு இந்த நிலத்தைக் கொடுத்தார். அதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் தந்தக் கொம்பு கூடத்தில் தொங்குகிறது. 1553இல் தொடங்கிய கோபுரவீட்டை முடிக்க 1596 ஆனது. உள்ளே அண்ணாந்து பாருங்கள், மர விட்டங்களில் அந்தக் கால ஓவியங்கள் இருக்கின்றன. மாடிப்படிதான் குறுகல், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும்.

தோட்டத்துக்கு வருவோம். 1702இல் நட்ட யூ என்ற பசுமை மாறா மர வேலிகள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிய பச்சைச் சுவர்கள். அவை தோட்டத்தை எட்டுத் துண்டாகப் பிரிக்கின்றன. ஒரு வளைவைத் தாண்டினால் எல்லாம் மஞ்சள், அடுத்ததில் வேறு நிறம், வேறு வாசனை. அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டித் தெரியாது, அதுதான் சுகம். ஜூனில் பூப்பதற்கென்றே நீளப் பாத்திகள் இருக்கின்றன. அந்த மாதம் போனால் நல்லது.

தோட்டத்துக்குப் பேர்போன டிரம்மண்ட் கோட்டையை விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். கிரீஃப் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கொடியிலுள்ள பெருக்கல் குறி வடிவில் பாத்திகள், நடுவே 1630களின் சூரியக் கடிகாரத் தூண், எல்லாம் பிரமாதம். ஆனால் கோட்டைக்குள் விடமாட்டார்கள்.

சரி, டன்ராபினேதான் என்றால் ரயிலில் போங்கள். இன்வர்னெஸ்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோட்டைக்கென்றே ஒரு குட்டி நிலையம் உண்டு. குளிர்காலத்தில் ரயில் நிற்காது, மற்ற நாளிலும் இறங்க வேண்டும் என்று சொன்னால்தான் நிறுத்துவார்கள்.