கல்லூரியா, குழுவா, ஊர் மணலா? ஆஸ்திரேலியப் பூர்வகுடி இளங்கலைஞர் எங்கே பயில்வது

கெய்ர்ன்ஸ் பக்கம் ஒரு பெண், பதினெட்டு வயது, பூர்வகுடிக் குடும்பம். நன்றாக ஆடுகிறாள், மேடைதான் பிழைப்பு என்று முடிவும் செய்துவிட்டாள். அடுத்து எங்கே போவாள்? ஆஸ்திரேலியாவில் இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது; பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். எது நல்லது, எது யாருக்கு ஒத்துவராது என்று ஒரு ரசிகனுக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். மற்ற நடனப் பள்ளிகளை ஒப்பிடும்போது ஆசிரியர் யார், கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று கேட்டால் போதும். இங்கே அது போதாது. ஆஸ்திரேலியாவின் வடக்கே, வடகிழக்கு ஆர்ன்ஹம் நிலத்தில் வாழும் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களிடையே மனிதர், விலங்கு, நிலம், பாட்டு எல்லாமே துவா, யிரிச்சா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. பாட்டு வரிசைகளும் ஆட்டங்களும் குலங்களுக்கு உரியவை. உடம்புக்கு வந்துவிட்டது என்பதற்காக யாரும் எடுத்து ஆடிவிட முடியாது. உரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். ஆகவே பயிற்சி என்றால் இரண்டு: உடம்பைப் பழக்குவது, அனுமதியின் வழிமுறையைப் பழக்குவது. இரண்டாவதை யார் எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கல்லூரி வழியில் முதலில் நினைவுக்கு வருவது நைஸ்டா என்ற பூர்வகுடி நடனக் கல்லூரி. அதன் பிறப்பே விசித்திரமானது. கரோல் ஜான்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க நடனக் கலைஞர் 1972-இல் எலியோ பொமாரேயின் குழுவோடு சுற்றுப்பயணமாக வந்தார். அப்போது சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடி மக்களின் நில உரிமைப் போராட்டமும் நாடக முயற்சிகளும் சூடாக இருந்தன. அவர் அங்கே நடனப் பட்டறைகள் நடத்தினார். அதிலிருந்து 1976-இல் ஒரு முழுப் பயிற்சித் திட்டம் உருவாயிற்று. இன்று அந்தக் கல்லூரி சிட்னிக்கு வடக்கே, காஸ்ஃபர்டை ஒட்டிய கரியாங்கில், மவுண்ட் பெனாங் வளாகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதே வளாகத்தில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி நடந்தது. இடங்களுக்கும் இப்படி ஒரு மறுபிறவி வாய்க்கிறது.

நைஸ்டாவில் தற்கால நடனம் போன்ற மேடைப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம் டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்தோ ஆர்ன்ஹம் நிலத்திலிருந்தோ பண்பாட்டு ஆசிரியர்கள் வந்து தங்கள் ஆட்டங்களைச் சொல்லித் தருவார்கள். அப்புறம் மாணவர்களே அந்த ஊருக்குப் போய்த் தங்குவார்கள். ஆடுவதோடு அங்கே மீன் பிடிப்பதும் பெரியவர்களோடு உட்கார்ந்திருப்பதும் பாடம்தான். மூத்தோரை எல்லாரும் ஆன்ட்டி, அங்கிள் என்றே கூப்பிடுவார்கள். அது உறவு தெரியாத ஒப்புக்குச் சொல் இல்லை, மரியாதைச் சொல். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதன் பெரிய பலம், வேர் அறுந்த பிள்ளைகளுக்கு இது பொருந்துகிறது என்பது. 1970 வரைக்கும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொள்கைகளால், தெற்குப் பகுதிகளில் பாட்டியின் மொழியையே அறியாத குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கல்லூரிக்கு வந்தால், தன்னைப் போன்றவர்கள் நிறைந்த ஒரு வகுப்பு கிடைக்கிறது. ஆனால் ஒரு நெருடலும் இங்கேதான். அவள் அங்கே கற்பது டோரஸ் நீரிணையின் சாய்பாய் தீவு ஆட்டமாக இருக்கலாம். அது அவளுடையது இல்லை. கல்லூரி நிகழ்ச்சியில் அந்த ஊர் ஆசிரியர் பக்கத்தில் இருக்க ஆடலாம், நாளைக்குத் தன் சொந்தப் படைப்பில் எடுத்துப் போட முடியாது. இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் நைஸ்டாவின் சிறந்த பாடமாகத் தெரிகிறது: கையில் இருப்பதை எல்லாம் உபயோகிக்கக் கூடாது என்பதை இருபது வயதுக்குள் உடம்பால் தெரிந்துகொள்கிறாள்.

அடுத்தது குழு வழி, அதாவது பங்காரா என்ற பூர்வகுடி நடனக் குழு. கரோல் ஜான்சன் இதன் பிறப்பிலும் முன்னின்றவர், 1989-இல் தொடங்கியது. விராஜுரி என்ற பூர்வகுடி மொழியில் பெயருக்கு ‘நெருப்பு மூட்டு’ என்று பொருள். ஸ்டீஃபன் பேஜ் 1991 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கலை இயக்குநராக இருந்தார். இப்போது ஃபிரான்சஸ் ரிங்ஸ். சிட்னி வால்ஷ் பே துறைமுகக் கிடங்கில் இவர்கள் ஒத்திகை நடக்கிறது.

பயிற்சி முடித்த இளம் ஆட்டக்காரர்களைக் குழுவோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டம் பங்காராவில் உண்டு. 2002-இல் மறைந்த ரஸ்ஸல் பேஜ், ஸ்டீஃபனின் தம்பி, குழுவின் மறக்க முடியாத ஆட்டக்காரர். திட்டத்துக்கு அவர் பெயர்தான். இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். உள்ளே நுழைந்தவர்களுக்கு அது பொற்காலம்: தினமும் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு வகுப்பு, ஒத்திகை, பயணம், மேடை.

அதைவிட முக்கியமானது, ஒரு படைப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து பார்ப்பது. ரிங்ஸ் 2012-இல் காட்டி தண்டா ஏரியைப் பற்றி ‘டெரெய்ன்’ செய்தபோது, அந்த நிலத்துக்கு உரிய அரபனா மக்களின் மூத்தவர் ரெஜினால்ட் டாட் ஆலோசகராக இருந்தார். யோல்ங்கு பாடகர் ஜக்கபுரா முன்யர்ருன் குழுவோடு பல ஆண்டுகள் ஆடியும் பாடியும் வழிகாட்டியும் வந்தவர். 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் நிக்கி வெப்ஸ்டர் என்ற சிறுமியோடு நடந்து வந்தவர் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். படைப்புகளை அவை பிறந்த ஊர்களுக்கே திரும்பக் கொண்டுபோய் ஆடிக் காட்டும் வழக்கமும் பங்காராவுக்கு உண்டு. அனுமதி என்பது கையெழுத்து வாங்கும் படிவம் இல்லை, திரும்பத் திரும்பப் போய் நிற்பது என்பதை ஒரு பயிற்சியாளர் அங்கேதான் பார்க்க முடியும்.

குறைகளும் உண்டு. ஒரே குழு, ஒரே பாணி. தரையோடு தாழ்ந்து ஆடும் அந்தப் பங்காரா உடல்மொழி அழகானதுதான்; ஆனால் அதிலேயே ஊறியவர் வேறு மாதிரி யோசிக்க நாளாகும். பயணம் உடம்பை வாட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஏற்கெனவே பழகிய உடம்புக்கான இடம். உண்மையில் கல்லூரியும் குழுவும் போட்டியே இல்லை, ஒரே வீட்டின் கீழ்த்தளமும் மாடியும்தான். ஸ்டீஃபன் பேஜும் ரிங்ஸும் நைஸ்டாவில் படித்தவர்கள்; ரிங்ஸ் பின்னாளில் அங்கேயே பாடத்துறைத் தலைவராகவும் இருந்தார். பாடகி கிறிஸ்டின் அனுவும் நைஸ்டாவில் நடனம் பயின்றவர். கீழ்த்தளத்திலிருந்து மாடி ஏறாமல் வெளியே போனவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, எல்லாருக்குமான பெரிய கல்விக்கூடங்கள். நடிப்பு, திரைப்படம் என்று ஆசை இருந்தால் இது தவிர்க்க முடியாது. பெர்த்தில் ஹ்யூ ஜாக்மன் படித்த வாப்பா என்ற நிகழ்த்துகலைக் கல்விக்கூடத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கென்றே ஓராண்டு நிகழ்த்துகலைப் படிப்பு பல காலம் நடந்து வந்தது. குரல், உச்சரிப்பு, கேமரா, ஏஜென்ட் தொடர்பு எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது கூட்டாளி. பொது வகுப்புக்குப் போனால் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். பூர்வகுடி என்ற சொல் பாடத்தில் வந்தாலே எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பும். ஊரில் சாவு விழுந்தால் ‘சாரி பிசினஸ்’ என்று அவர்கள் சொல்லும் துக்கக் கடமைகள் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீளும். சித்தப்பா முறைக்கும் போகத்தான் வேண்டும். வருகைப் பதிவேட்டுக்கு அது புரியாது. நல்ல மாணவி பாதியில் நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதே இல்லை.

இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பவை பூர்வகுடி நாடகக் குழுக்கள்: மெல்பர்னில் 1990-இல் தொடங்கிய இல்பிஜெரி, பெர்த்தில் 1993-இல் தொடங்கிய யிர்ரா யாக்கின். 2020-இல் யிர்ரா யாக்கின் ‘மெக்பெத்’தை முழுக்க நூங்கார் மொழியில் ‘ஹெகட்டி’ என்று மேடையேற்றியது. கைலி பிராக்னெல் இயக்கினார். நடிகர்கள் தங்கள் முன்னோர் மொழியைப் பயின்றுதான் அந்த மேடையில் நின்றார்கள். ஒத்திகை அறையே மொழிப் பள்ளியாக மாறிய கதை அது. என்னைக் கேட்டால் நடிகர்களுக்கு இந்தக் குழுக்கள்தான் முதல் கதவு, பெரிய கல்விக்கூடம் இரண்டாவது.

நான்காவது, ஊர். ஆகஸ்ட் மாதம் ஆர்ன்ஹம் நிலத்தின் குல்குலாவில் யோல்ங்கு மக்களின் கார்மா விழா நடக்கும், 1999 முதல். மாலையானால் மணல் திடலில் புங்குல் ஆட்டம். பில்மா கட்டைகள் தட்ட, யிடாகி என்ற நீண்ட மரக்குழல் முழங்க, பெரியவர்கள் முன்னால் ஆடுவார்கள். வரிசையின் வால் முனையில் நான்கு வயதுப் பிள்ளைகள் புழுதி கிளப்பிக்கொண்டிருப்பார்கள். பயிற்சி அதுதான். விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, தவறாக ஆடினால் மாமா ஒருவர் அதட்டுவார். மற்ற மூன்று வழிகளும் தேடி அலையும் அனுமதி இங்கே பிறக்கும்போதே கையில் இருக்கிறது. ஆனால் இதை வைத்து வாடகை கட்ட முடியாது. 1969-இல் தொடங்கிய பூர்வகுடி மாணவர் உதவித்தொகை, இன்றைய ஆப்ஸ்டடி, அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்குத்தான் வரும். தாத்தாவோடு மணலில் உட்கார்ந்து பாட்டுக் கற்பது அந்தக் கணக்கில் வராது. கெய்ர்ன்ஸ் பெண்ணின் குடும்பத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தால் இந்த வழியே கிடையாது.

சரி, அவளுக்கு என்ன சொல்வேன்? ஆட்டம்தான் என்றால் நைஸ்டா, பிறகு முடிந்தால் பங்காரா. நடிப்பு என்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் பூர்வகுடி நாடகக் குழுவின் பட்டறை. வீட்டில் பாட்டுத் தெரிந்த தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால் எல்லா விண்ணப்பத்தையும் ஓர் ஆண்டு தள்ளிப் போடு என்பேன். கல்லூரி அடுத்த ஆண்டும் இருக்கும்.

எங்கே சேர்ந்தாலும் சேரும் முன் அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். ஊரில் துக்கம் என்றால் எத்தனை நாள் விடுவீர்கள்? ஆட்டம் சொல்லித்தர வரும் ஆன்ட்டிக்கு, இங்கே பாலே ஆசிரியருக்குத் தரும் அதே சம்பளம் தருகிறீர்களா?